பெயர் அதே, பொருள் வேறு: விபி6-ஐ விட்டு டாட்நெட்டுக்கு மாறியவர்களின் மனக்குறைகள்

#1 | எடைமேடை

நெல் ஆலை ஒன்றின் எடை மேடைக்காக 2001-இல் மைக்ரோசாஃப்டின் நிரல் மொழியான விஷுவல் பேசிக் 6-இல் (விபி6) நான் எழுதிக் கொடுத்த நிரல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 98-இல் பிறந்த அது, இப்போது விண்டோஸ் 10-இலும் முணுமுணுக்காமல் வேலை செய்கிறது. ஆனால் அதில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் விபி6 நிறுவப்பட்ட கணினி வேண்டும். என்னிடம் அப்படி இருந்த கடைசிக் கணினி சென்ற மாதம் கண்மூடிவிட்டது. எனவே, அதை விபி6-க்குப் பின் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டாட்நெட் தளத்துக்கு மாற்றும் வேலையில் மூன்றாவது முறையாக இறங்கியிருக்கிறேன். 2002-இலும் 2006-இலும் தொடங்கிய முதல் இரண்டு முயற்சிகள் பாதியிலேயே நின்றுபோயின.

முதல் முறை நின்றதற்குக் காரணம் மிகச் சிறியது. எடைக் கருவி சீரியல் போர்ட் வழியாகவே கணினியோடு பேசும். விபி6-இல் அதற்கென்றே இருந்த எம்எஸ்காம் என்ற ஆயத்தக் கண்ட்ரோலை ஃபார்மில் (திரைப் படிவத்தில்) இழுத்து வைத்தால் போதும். 2002-இல் வந்த, நிரல் எழுதும் சூழலான விஷுவல் ஸ்டுடியோ டாட்நெட்டில் உலகத்தையே புதிதாகக் கட்டியிருந்தார்கள், ஆனால் சீரியல் போர்ட்டைப் படிக்க ஒரு கிளாஸ்கூட, அதாவது நிரல் கூறுகூட, இல்லை. பழைய எம்எஸ்காமையே, பழைய கூறுகளை டாட்நெட்டோடு இணைக்கும் காம் இன்டராப் வழியாகச் செருக வேண்டும், இல்லையேல் விண்டோஸ் ஏபிஐயை (விண்டோஸே தரும் செயற்கூறுகளை) நேரடியாக அழைக்க வேண்டும். அதற்கான கிளாஸ் டாட்நெட் 2.0-இல்தான், 2005-இல், வந்து சேர்ந்தது.

வந்தபோது வேறொரு வம்பையும் கூட்டிக்கொண்டு வந்தது. எம்எஸ்காமின் நிகழ்வு, திரையைக் கையாளும் அதே திரெட்டில் (நிரல் ஓடும் இழையில்) வரும். புதிய சீரியல்போர்ட்டின் நிகழ்வு வேறொரு திரெட்டில் வரும். வந்த எடையை டெக்ஸ்ட்பாக்ஸில் இட்ட மறுகணம், வேறு திரெட்டிலிருந்து கண்ட்ரோலைத் தொடக் கூடாது என்று பிழை வந்தது. அதுவும் பிழை தேடும் கருவியான டீபக்கரில் ஓடும்போது மட்டும்தான் வரும். நிரலைத் தனியாக ஓட்டினால் சத்தமில்லாமல் வேலை செய்து, என்றைக்காவது ஒரு மதியத்தில், லாரிகள் வரிசையில் நிற்கும்போது, திரை உறைந்து நிற்கும்.

இரண்டாம் முறை நின்றதற்கான காரணத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. சரக்கோடு வரும் லாரி முதலில் மேடை ஏறும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டியாக மறுபடி ஏறும். முதலில் எடுத்த மொத்த எடையை வண்டி எண்ணைக் கொண்டு தேடி, ஒரு மாறியில் நிரப்பித் தரும் சிறிய புரொசீஜர் (துணைநிரல்) ஒன்று பழைய நிரலில் இருந்தது. அதை அச்சுப் பிரதியைப் பார்த்து விஷுவல் ஸ்டுடியோ 2005-இல் அப்படியே தட்டச்சு செய்தேன். பிழை ஏதும் காட்டவில்லை. சோதனைக்காக ஆலைக்கே போய் ஒரு லாரியை ஏற்றி இறக்கிச் சீட்டை எடுத்தால், நிகர எடை கழித்தல் குறியோடு 5,340 கிலோ என்று அச்சாகியிருந்தது. ஓட்டுநர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நெல்லுக்குப் பதிலாக லாரியை எழுதித் தரச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

நடந்தது இதுதான். விபி6-இல் அளபுருவுக்கு, அதாவது புரொசீஜருக்குள் அனுப்பும் மாறிக்கு, முன்னால் ஒன்றும் எழுதாவிட்டால் அது பைரெஃப். புரொசீஜர் உள்ளே மாற்றினால் வெளியேயும் மாறும். டாட்நெட்டில் ஓடும் புதிய விபியான விபி டாட்நெட்டில் ஒன்றும் எழுதாவிட்டால் அது பைவால், உள்ளே போவது நகல் மட்டுமே. அன்றைய எடிட்டர் இன்னும் ஒரு படி மேலே போய், நான் எழுதாத பைவாலைத் தானாகவே எழுதியும் கொடுத்திருந்தது. மொத்த எடை உள்ளே நிரம்பி, உள்ளேயே மறைந்து, வெளியே பூஜ்ஜியமாக நின்றது.

புதியதைக் கற்க எனக்குச் சோம்பல் இருந்ததில்லை. அறிமுகமே இல்லாத சொல்லைக் கண்டால் நின்று, படித்து, பிறகு எழுதுவோம். பத்து ஆண்டுகள் பழகிய சொல் வேறு பொருளைச் சுமந்துகொண்டு வந்தால், எங்கே நிற்பது என்றே தெரிவதில்லை. உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா என்பதை அறிய விரும்புகிறேன்.

#2 | அரைப்புள்ளி

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த மாற்றங்களுக்கு இருந்த காரணங்களையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். விபி6-இல் முழு எண்களைக் கொள்ளும் மாறி வகைகளில் இன்டிஜர் 16 பிட், லாங் 32 பிட். அவை 1991-இல் முதல் விபி வந்தபோது, 16 பிட் விண்டோஸின் அளவுக்குத் தைத்த சட்டைகள். டாட்நெட்டில் எல்லா மொழிகளும் ஒரே ரன்டைமின் (நிரலை ஓட்டும் அடித்தளத்தின்) மேல் ஓட வேண்டும், ஒரு மொழியில் எழுதிய கிளாஸை மற்றொன்றில் விரிவாக்க முடிய வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு, டாட்நெட்டின் இன்னொரு மொழியான சி ஷார்ப்பில் 32 பிட்டாக இருக்கும் இன்டிஜர் விபியில் மட்டும் 16 ஆக இருந்தால் தினந்தோறும் குழப்பம்தான். அதனால் இன்டிஜர் 32 ஆயிற்று, லாங் 64 ஆயிற்று, பழைய 16 பிட்டுக்கு ஷார்ட் என்ற பெயர் வந்தது. பைவாலை இயல்பாக்கியதும் நல்ல முடிவே. கேட்காமலேயே அடுத்தவர் மாறியை மாற்றிவிடும் புரொசீஜர்களால் விபி6 காலத்தில் நாம் பட்ட பாடு கொஞ்சமா?

அத்துடன், மைக்ரோசாஃப்ட்காரர்கள் யார் பேச்சையும் கேட்கவில்லை என்று சொல்வதும் சரியன்று. விபி டாட்நெட்டின் முதல் பீட்டாவில் (சோதனைப் பதிப்பில்) 'உண்மை' என்று பொருள்படும் டிரூவின் எண் மதிப்பை 1 ஆக்கியிருந்தார்கள். நிபந்தனைகளை இணைக்கும் 'ஆண்ட்', 'ஆர்' இரண்டும் இடப்பக்கத்திலேயே விடை தெரிந்துவிட்டால் வலப்பக்கத்தைப் பார்க்காமல் விடும்படி மாற்றியிருந்தார்கள். 10 என்று அறிவித்த அணிக்கு (அரே), 0 முதல் 10 வரை என்று 11 இடங்கள் தருவதற்குப் பதில் 10 இடங்களே தந்தார்கள். பழைய பயனர்கள் கொதித்தெழுந்ததும், 2001-இல் இம்மூன்றையும் திரும்பப் பெற்றார்கள். டிரூ மறுபடி -1 ஆயிற்று. குறுக்குவழி மதிப்பீட்டுக்கு 'ஆண்ட்ஆல்சோ', 'ஆர்எல்ஸ்' என்று தனிச் சொற்களையே படைத்தார்கள்.

#3 | எடைமேடை

நண்பர் அரைப்புள்ளி, நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் என் கட்சியும். புதிய பொருளுக்குப் புதிய சொல் படைத்த இடத்தில் ஒருவரும் தடுக்கி விழவில்லை. 'ஆண்ட்ஆல்சோ'வால் யாருடைய எடைச் சீட்டும் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்டிஜருக்கும் அதே மரியாதையைக் காட்டியிருக்கலாமே?

#4 | எஃப்8

மொழியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை பறிபோனது மொழியன்று, வேலை செய்யும் முறை. விபி6-இல் நான் எழுதிய விதம் இது: எஃப்5 அழுத்தி ஓட்டுவேன், பிழை வரும் வரியில் நிற்கும், மஞ்சள் அம்பு காட்டும். அங்கேயே அந்த வரியைத் திருத்துவேன், அம்பை இரண்டு வரி மேலே இழுத்து விடுவேன், எஃப்8 அழுத்தி ஒவ்வொரு அடியாகப் பார்ப்பேன், சரியாக இருந்தால் எஃப்5. நிரல் நிற்கவே இல்லை. பயனர் உள்ளிட்ட ஐம்பது தகவல்களும் திரையில் அப்படியே இருக்கும். எழுதுவதும் ஓட்டுவதும் எங்களுக்கு ஒரே செயல்.

2002-இலும் 2003-இலும் வந்த விஷுவல் ஸ்டுடியோக்களில் இந்த வசதி இல்லை. ஒரு காற்புள்ளியை மாற்ற வேண்டுமென்றாலும் நிறுத்து, திருத்து, கம்பைல் செய், மறுபடி ஓட்டு, மறுபடி ஐம்பது தகவல்களையும் உள்ளிடு. நிரல் ஓடாதபோதே ஒரு செயற்கூற்றை அழைத்துப் பார்க்க உதவிய இமீடியட் சாளரமும் டீபக் நேரத்துக்கு மட்டும் என்று சுருங்கியது. இன்னொரு ஃபார்மைக் காட்ட ஃபார்ம்2.ஷோ என்று மட்டும் எழுதிப் பழகிய கை, முதலில் அந்த ஃபார்மை நியூ என்று பிறப்பிக்கக் கற்க வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் 2005-இல் திருப்பிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுக்க முடிந்தவற்றை எடுத்தது ஏன் என்ற கேள்வி மட்டும் எனக்கு மிஞ்சியது.

அப்போதும் முழுதாகத் திரும்பவில்லை. 64 பிட் விண்டோஸ் வாங்கியவர்கள், ஓடும் நிரலைத் திருத்த முயன்றால் 64 பிட் நிரலில் மாற்றம் செய்ய அனுமதியில்லை என்ற பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கம்பைல் இலக்கை எக்ஸ்86 (32 பிட்) என்று மாற்றி வைத்தே காலத்தை ஓட்டினோம். அது சரியானது விஷுவல் ஸ்டுடியோ 2013-இல்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விபி6-இல் அந்தச் சுகம் கிடைத்ததற்குக் காரணம், நம் நிரலும் அதை எழுதும் சூழலும் ஒரே பிராசஸில் ஓடியதுதான். விண்டோஸ் செய்திகளை இடைமறிக்கச் சப்கிளாசிங் செய்துவிட்டு, மறதியாக ஸ்டாப் பொத்தானை அழுத்தினால் சூழலே செத்துவிழும், சேமிக்காத வரிகளும் கூடவே போகும். அரை மணிக்கு ஒரு முறை சேமிக்கும் பழக்கம் எனக்கு வந்தது அப்படித்தான்.

#5 | மணற்கடிகை

சொல் மாறாமல் நடத்தை மாறியதற்கு என் பங்குக்கு ஒன்று. விபி6-இல் ஒரு குட்டிக் கிளாஸ் வைத்திருந்தேன். அது பிறக்கும்போது மவுஸ் சுட்டியை மணற்கடிகையாக்கும், அழியும்போது பழைய அம்பாக்கும். புரொசீஜரின் தலையில் அதை ஒரு வரியில் பிறப்பித்தால் போதும். எந்த வழியாக வெளியேறினாலும், பிழையால் வெளியேறினாலும், அந்தப் பொருளைக் குறிக்கும் கடைசி மாறியும் நீங்கிய அதே கணத்தில் அதன் டெர்மினேட் பகுதி ஓடிச் சுட்டியைச் சரிசெய்துவிடும். டாட்நெட்டில் இப்படிப் பிறப்பித்த பொருள்களை அழிப்பது, குப்பை சேகரிப்பான் என்ற தானியங்கிப் பகுதி. அது தனக்கு நேரம் வாய்க்கும்போது வரும். என் நிரலில் வேலை முடிந்த பிறகும் மணற்கடிகை நின்றுகொண்டே இருந்தது. மவுஸோடு போயிற்றே என்று ஆறுதல் கொள்ளலாம். கோப்புகளையும் தரவுத்தள இணைப்புகளையும் இதே முறையில் மூடிக்கொண்டிருந்தவர்களின் பாட்டை எண்ணிப் பாருங்கள். இதற்கு ஒழுங்கான பதிலாக, வேலை முடிந்ததும் பொருளை உடனே விடுவிக்கும் 'யூசிங்' என்ற கட்டளை விபிக்குக் கிடைத்ததும் 2005-இல்தான்.

#6 | உயிர்மெய்

எல்லோரும் இழந்ததையே பேசும் இழையில், கிடைத்ததைப் பற்றி நான் சொல்கிறேன். தமிழில் நிரல் செய்தவர்களுக்கு டாட்நெட் பெரிய விடுதலை. விபி6-இன் சரங்கள் உள்ளுக்குள் யூனிகோடுதான். ஆனால் அதன் டெக்ஸ்ட்பாக்ஸும் லேபிளும் ஆன்சி, அதாவது கோட்பேஜ் என்ற எழுத்துப் பட்டியலில் உள்ள எழுத்துகளை மட்டுமே காட்டும் பழைய முறை. தமிழுக்கென்று ஆன்சி கோட்பேஜ் எதுவும் கிடையாது. யூனிகோடு தமிழை லேபிளில் இட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். விண்டோஸ் 2000-இலேயே லதா எழுத்துரு வந்துவிட்ட பிறகும், நாங்கள் டாப், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களின் எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழுததற்கு இதுவே காரணம். விண்டோஸ் 2000-இல் முதன்முதலாக விபி டாட்நெட் ஃபார்மில் 'கொடுக்கல் வாங்கல்' என்று யூனிகோடில் தட்டி, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றதைப் பார்த்தபோது, எனக்கு விபி6-மேல் இருந்த பற்றில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி போகாமல் இருந்ததற்குக் காரணம் பழைய தரவு. எங்களிடம் டாப் குறியாக்கத்தில் பல ஆண்டுகளின் உரைக் கோப்புகள் இருந்தன. விபி6-இன் ஓப்பன் கட்டளை கோப்பைக் கணினியின் ஆன்சி கோட்பேஜில் படிக்கும். டாட்நெட்டில் உரைக் கோப்பைப் படிக்கும் ஸ்ட்ரீம்ரீடர், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், யூனிகோடின் ஒரு வடிவமான யுடிஎஃப்-8 என்று எண்ணிப் படிக்கும். டாப் கோப்பில் 127-க்கு மேற்பட்ட பைட்டுகளாக இருக்கும் தமிழ் எழுத்துகள் அதற்குப் புரியாது. ஒவ்வொன்றையும் ஒரே மாற்றுக்குறியாக்கிவிட்டு மேலே போகும். பிழை என்று ஒரு சொல்கூடச் சொல்லாது. அப்படிப் படித்ததை அதே பெயரில் சேமித்தால் மூலமும் அழிந்தது. எங்களுக்கு ஒரு மாதத்துக் கோப்புகள் அப்படிப் போயின. காப்புப் பிரதி சிடியில் இருந்ததால் பிழைத்தோம்.

எனவே எடைமேடை ஐயா, உங்கள் சீட்டில் தமிழ் இருந்தால், படிக்கும்போதே 1252 என்ற ஆன்சி கோட்பேஜைக் குறிப்பிட்டுப் படியுங்கள். இன்றைய டாட்நெட்டில் இயல்பான குறியாக்கத்தைத் தரும் என்கோடிங்.டீஃபால்ட் என்பதும் யுடிஎஃப்-8 ஆகிவிட்டது. 1252 வேண்டுமென்றால் அதற்கான கோட்பேஜ் வழங்கியை முதலில் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகுதான் எழுத்து மாற்றமே தொடங்கும். டாப்பில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று பார்வை வரிசையில் மூன்று குறிகளாக இருக்கும். யூனிகோடில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும். இந்த மறுவரிசையைச் செய்யாமல் எழுத்துக்கு எழுத்து மாற்றினால், கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

#7 | பாதிவழி

விபி6 நிரலை விபி டாட்நெட்டுக்குத் தானாக மாற்றித் தரும் அப்கிரேட் விசார்டை ஒருவரும் குறிப்பிடவில்லையே. விஷுவல் ஸ்டுடியோ 2008 வரை கூடவே வந்தது, 2010-இல் நீக்கிவிட்டார்கள். பலர் அதைத் திட்டினாலும், எடைமேடை நண்பர் விழுந்த குழிகளில் அது விழாது. இன்டிஜரை ஷார்ட் என்றும் லாங்கை இன்டிஜர் என்றும் மாற்றும். ஒன்றும் எழுதாத அளபுருவுக்குப் பைரெஃப் என்று வெளிப்படையாக எழுதும். கையால் மறுபடி எழுதியவர்களே இந்த இடங்களில் அடிபட்டார்கள்.

அதன் குறை வேறு. வெளிவரும் நிரலைப் படிக்க முடியாது. ஒவ்வொரு பத்தியிலும் எச்சரிக்கைக் குறிப்புகளைத் தூவி வைக்கும். ஒரே பெயரில் பல கண்ட்ரோல்களை வைக்கும் கண்ட்ரோல் அரேக்களைத் தாங்கிப்பிடிக்க ஒரு கம்பாட்டிபிலிட்டி நூலகத்தைக் கட்டிவிடும். அந்த நூலகம் 32 பிட்டில் மட்டுமே ஓடும். அதையும் 2010-இல் வழக்கொழிந்தது என்று அறிவித்தார்கள். ஆக, அந்தப் பாலத்தில் ஏறியவர்கள் சில ஆண்டுகளில் இன்னொரு முறை இறங்க வேண்டியதாயிற்று.

#8 | சிஷார்ப்வாசி

எப்படியும் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும் என்று ஆன பிறகு, நான் ஏன் விபி என்ற பெயருக்காக விபி டாட்நெட்டைக் கற்க வேண்டும்? 2003-இலேயே சி ஷார்ப்புக்குப் போய்விட்டேன். அங்கே லாங் என்றால் 64 பிட் என்று முதல் நாளே படித்தேன். மறக்க வேண்டிய பழைய பொருள் அந்த மொழியில் எனக்கு இல்லை. என்னைப் போல் போனவர்கள் ஏராளம். விபி மொழியை இனி வளர்க்கப் போவதில்லை என்று 2020 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை.

#9 | அரைப்புள்ளி

அதில் ஓரளவு உண்மை உண்டு. 2005 மார்ச்சில், விபி6-க்கான முதன்மை ஆதரவு முடியவிருந்த அதே மாதத்தில், மைக்ரோசாஃப்டே எம்விபி என்று பட்டம் கொடுத்துப் பாராட்டிய நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள். டாட்நெட்டை எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. பழைய விபியையும் அதே விஷுவல் ஸ்டுடியோவுக்குள் தொடர்ந்து வளருங்கள், எந்தப் பகுதியை எப்போது மாற்றுவது என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம் என்றே கேட்டார்கள். அது ஏற்கப்படவில்லை. நான் அன்று அந்த விண்ணப்பத்தைக் கேலி செய்தவன். இன்று, வாடிக்கையாளர் ஒருவரின் இரண்டு லட்சம் வரி நிரலை மாற்றக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில், கேலியை விலக்கிக்கொள்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், எக்ஸலைத் திறந்து அதற்குள் இருக்கும் பழைய விபி வகையான விபிஏவுக்குள் போனால் இன்டிஜர் இன்னும் 16 பிட்டாகவே உட்கார்ந்திருக்கிறது. எக்ஸலில் ஓடிய ஏபிஐ அறிவிப்பை லாங்கோடு அப்படியே விபி டாட்நெட்டில் ஒட்டி, 32 பிட் போக வேண்டிய இடத்தில் 64 பிட் அனுப்பி, ஸ்டாக் (நினைவக அடுக்கு) சமநிலை கெட்டது என்ற எச்சரிக்கையை வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சென்ற வாரம் வாங்கியவன் நான்.

#10 | எடைமேடை

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்களில் ஒருவழியாக மாற்றி முடித்தேன். அளபுருக்கள் அத்தனைக்கும் பைரெஃபா பைவாலா என்று பழைய நிரலிலேயே, இன்னொருவரிடம் இரவல் வாங்கிய கணினியில், முதலில் எழுதி முடித்துவிட்டேன். இன்டிஜர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தேன். எஃப்8 நண்பர் சொன்ன சுகம் கடைசியாக ஒருமுறை கிடைத்தது. உயிர்மெய் அவர்கள் சொன்னபடி 1252-இல் படித்ததால் பழைய சீட்டுகளின் ஊர்ப் பெயர்களும் கெடாமல் வந்தன. பிறகு பழையதையும் புதியதையும் ஒரு வாரம் அருகருகே ஓட்டி, சீட்டுக்குச் சீட்டு ஒப்பிட்டேன். எடையில் ஒரு கிலோகூட வேறுபடவில்லை.

ஆறாம் நாள் ஆலையின் கணக்குப்பிள்ளை தொலைபேசியில் அழைத்து, "தம்பி, புது புரோகிராம் தப்பாப் போகுது, சீட்டு நம்பர் ஔ-32,001-ன்னு வருது" என்றார்.

எனக்கே மறந்துபோன கதை அது. பழைய நிரலில் சீட்டு எண்ணை இன்டிஜர் என்று அறிவித்திருந்தேன். 2003-இல் ஓர் இரவு அது 32,767-ஐத் தாண்ட முடியாமல் ஓவர்ஃப்ளோ ஆகி நின்றபோது, லாங் என்று மாற்றினால் கோப்பின் அமைப்பையும் மாற்ற வேண்டியிருக்குமே என்று அஞ்சி, 32,000 வந்ததும் எண் 1-க்குத் திரும்பும்படியும், முன்னால் ஓர் எழுத்து ஏறும்படியும் ஒட்டுப் போட்டுவிட்டேன். அ-வில் தொடங்கிய வரிசை ஔ வரை வந்திருக்கிறது. அந்த ஆலையில் பேரேடுகளையே அப்படித்தான் கட்டி அடுக்கியிருக்கிறார்கள். 'எ' கட்டு, 'ஏ' கட்டு என்று சொன்னால் எந்தக் காலத்துச் சீட்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது இன்டிஜர் 32 பிட், இருநூறு கோடி வரை போகலாம் என்று அவரிடம் விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த கட்டுக்கு ஃ போடுவதா, க போடுவதா என்று கேட்டார். 32,000 வரம்பைப் புதிய நிரலிலும் எழுதிவிட்டேன். 'க' என்று முடிவாகியிருக்கிறது.